ஒரு நல்ல சேதி, நான் எழுதினது தப்பு

வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று கற்கண்டு நீட்ட வருகிறவரின் முகத்தோடு எங்கள் டாக்டர் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார். "ஏம்மா, ஒரு நல்ல சேதி" என்பார். நான் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரையே பார்ப்பேன். "நான் எழுதினது தப்பு!"

எது தப்பு? நேற்றுச் சாயங்காலம் வரை விரல் நோக, கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி அடித்து, ஒரு பிழை இல்லாமல் அடுக்கி வைத்திருக்கிறேனே, அது. சில சமயம் அது அச்சாகி, கடல் கடந்து போய், யாரோ பாராட்டிக் கடிதமும் எழுதியிருப்பார்கள். அப்படியானால் அவருக்குச் சந்தோஷம் இரட்டிப்பு. "இத்தனை பேரு நம்பியிருக்காங்க பாரு, உடனே சொல்லியாகணும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். இந்த மனுஷனை எந்த நேரத்தில் பெற்றார்களோ என்று நான் மனசுக்குள் திட்டிக்கொண்டே காது கொடுப்பேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் காய்ச்சல் ஆராய்ச்சி ஆபீஸ் ஒன்றில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். ஆபீஸ் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். அபர்டீன் பஜாருக்கு மேலே மேட்டில் ஒரு மர வீடு, தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் அவர் சொல்வது எனக்குக் கேட்காது, நான் கேட்பது அவருக்குக் கேட்காது. மழையோ அங்கே வருஷத்தில் முக்கால்வாசி நாள் பெய்யும். ஆராய்ச்சி என்பது அவர் ஒருவர்தான். யாருக்குக் காய்ச்சல் வருகிறது, எங்கிருந்து வருகிறது, எப்படி ஒட்டுகிறது என்று தீவு தீவாகப் போய், விரலில் குத்தி ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் பூசிக்கொண்டு வருவார். எழுதுவார். நான் அடிப்பேன். கப்பலில் மெயின்லேண்டுக்குப் போகும். எங்கோ ஒரு மருத்துவப் பத்திரிகையில் அச்சாகும். அதன் பிரதி திரும்பி எங்களிடம் வந்து சேர்வதற்குள் அவர் அதற்கு மறுப்பு எழுதி முடித்திருப்பார்.

அவருடைய முதல் கட்டுரை கொட்டாங்குச்சி பற்றியது. தேங்காய்க்குப் பஞ்சமில்லாத ஊர் எங்களுடையது. கொல்லையில் வீசிய கொட்டாங்குச்சியில் மழைத் தண்ணீர் தேங்கி, அதில் கொசு முட்டையிட்டு, அந்தக் கொசுதான் காய்ச்சலைத் தருகிறது என்று எழுதினார். உடனே ஊருக்கு உத்தரவு வந்தது. வீட்டுக்கு வீடு கொட்டாங்குச்சியைக் குப்புறக் கவிழ்த்தோம். இரண்டாவது கட்டுரையில், கொட்டாங்குச்சிக் கொசு பரம சாது, காய்ச்சல் கொசு வளர்வது அரசாங்க ஆபீஸ்களில் வரிசையாகத் தொங்குகிற சிவப்பு நிறத் தீயணைப்பு வாளிகளில்தான் என்று எழுதினார். ஆபீசர்கள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் வாளிகளைக் கவிழ்த்தார்கள். மூன்றாவது கட்டுரையில், வாளிக் கொசு நன்றாகக் கடிக்கும், ஆனால் அதற்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டார். மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தால் காய்ச்சல், கொட்டாங்குச்சி, வாளி எல்லாம் போய்விடும், கொசு மட்டும் மிச்சம் இருக்கும்.

பஜாரில் அவருக்கு 'கலத் டாக்டர்' என்று பெயர். எங்கள் தீவு இந்தியில் கலத் என்றால் தப்பு. பெங்காலி, தெலுங்கர், மலையாளி, நம்மவர் என எல்லோருக்கும் பொதுவான பாஷை அதுதான் என்பதால் பெயரும் எல்லோருக்கும் பொதுவாயிற்று. யாரும் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவருக்கும் அது தெரியும். ஒரு தடவை மீன்காரர் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இவரோ, "ரொம்பச் சரியான பேரு" என்று சொல்லிவிட்டு மீனை வாங்கிக்கொண்டு போனார்.

என் அப்பாவுக்கு அபர்டீன் பஜாரில் மளிகைக் கடை. பூர்வீகம் ராமநாதபுரம். அப்பாவுக்கு ஓயாத தும்மல். ஒருநாள் கடைக்கு வந்த டாக்டர், முன்பக்கம் இருந்த மிளகாய் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, இதுதான் காரணம் என்று அடித்துச் சொன்னார். அப்பா மூட்டைகளை எல்லாம் கொல்லைப்புறக் கொட்டகைக்கு மாற்றினார். கொஞ்ச நாள் கழித்து மத்தியான வெயிலில் டாக்டர் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"மிளகாய் மேல தப்பில்லைங்க. நான்தான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்."

"அதனால என்னங்க டாக்டரய்யா, இருந்துட்டுப் போகுது. குந்துங்க, ஒரு சோடா குடிங்க" என்றார் அப்பா.

அவர் உட்காரவில்லை. கொல்லைக்குப் போய், கால்சட்டையும் சட்டையுமாக, ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அப்பா பதறிப்போய், "ஐயையோ, எறக்குங்கய்யா, பாக்குறவுக என்னைய என்ன நினைப்பாக!" என்று பின்னாலேயே ஓடினார். பஜாரே வேடிக்கை பார்த்தது. மூட்டைகள் எல்லாம் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தபோது தும்மிக்கொண்டிருந்தது டாக்டர்தான். அன்றைக்கு அப்பா அம்மாவிடம், "கோட்டி புடிச்ச மனுசன், ஆனா நல்ல மனுசன்" என்றார்.

இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கைப்பட்டவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கோயம்புத்தூர்ப் பக்கம். என்னை அம்மிணி என்பார். குவார்ட்டர்ஸில் கோழி வளர்த்தார், வாசலில் கனகாம்பரம் போட்டார், சாயங்காலம் ஆபீஸுக்கு வந்து எனக்கும் சேர்த்துக் காப்பி கொடுப்பார். சிரிப்பும் பேச்சுமாக இருப்பார். கப்பல் வந்து தபால் பிரிக்கிற அன்று மட்டும் பேசமாட்டார்.

காரணம் அவருடைய மகள். எட்டு வயது. கோயம்புத்தூரில் அக்காவின் அக்கா வீட்டில் வளர்ந்தாள். முதலில் படிப்புக்காக விட்டார்கள். பிறகு கூட்டிக்கொண்டு வரலாம் என்றபோது அந்த அக்கா கறாராக மறுத்துவிட்டார். "காய்ச்சல் புடிச்ச ஊருன்னு உன்ற வீட்டுக்காரரே புஸ்தகத்துல எழுதியிருக்காரு. அங்க புள்ளைய அனுப்பச் சொல்றியா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? எழுதியதற்கெல்லாம் மறுப்பும் எழுதியிருக்கிறார் என்று சொன்னால், அப்படிப்பட்ட ஆளை நம்பியா அனுப்புவது என்று இன்னொரு கேள்வி வரும்.

"போன தடவை போனப்ப, என்ற புள்ள என்னைய 'வாங்க, உக்காருங்க'ன்னுச்சு அம்மிணி. விருந்தாளியக் கூப்புடற மாதிரி" என்று ஒருநாள் காப்பி ஆற்றிக்கொண்டே சொன்னார். அக்காவுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். டாக்டருக்கு மெயின்லேண்டில் ஒரு வேலை கிடைக்க வேண்டும், பெண்ணோடு ஒரு வீட்டில் இருக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் நாலாவது கட்டுரை வந்தது. கொசுவை விட்டுவிட்டு அவர் வீடு வீடாகப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது? முக்கால்வாசிப் பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள். கப்பல் வந்ததற்கு மறுநாள். அல்லது கப்பல் வந்த அன்றைக்கு. அல்லது கப்பல் வந்து இரண்டு நாள் கழித்து. மெட்ராஸிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ கப்பல்தான் வரும். அதில் வருகிற ஆட்களோடு காய்ச்சலும் வருகிறது என்று அழகாக, படமெல்லாம் போட்டு எழுதினார். நானே அடித்துவிட்டு அசந்துபோனேன்.

கட்டுரை பெரிய இடத்தில் அச்சாயிற்று. எங்கெங்கிருந்தோ பாராட்டு. ஊரில் மேல் ஆபீஸ் ஒன்றில் ஓர் அதிகாரி இருந்தார், வடக்கத்திக்காரர். அவர் அதைப் படித்துவிட்டு ஒரு ரூல் போட்டார். கப்பல் துறைக்கு வெளியே நங்கூரம் போட வேண்டும். கேபினில் வந்த ஆபீசர்களும் காசுள்ளவர்களும் லாஞ்சில் ஏறிக் கரைக்கு வரலாம். கீழ்த்தளத்துப் பங்க் கிளாஸில் வந்தவர்கள் மூன்று நாள் கப்பலிலேயே கிடக்க வேண்டும், டாக்டர் போய்ப் பார்த்துக் காய்ச்சல் இல்லை என்று சொன்ன பிறகுதான் இறங்கலாம். கேபின் மூக்கு அரசாங்க மூக்கு, அதற்குச் சளி பிடிக்காது போலிருக்கிறது. "நான் ரூல் போடச் சொல்லலையேம்மா" என்று டாக்டர் முணுமுணுத்தார். ஆனால் காய்ச்சல் கப்பலில்தான் வருகிறது என்று அவரும் அப்போது நம்பினார். அதனால் மூன்றாம் நாள் லாஞ்சில் ஏறிப் போய் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

அந்தக் கட்டுரையின் புண்ணியத்தில் மெட்ராஸில் ஒரு பெரிய பதவிக்கு அவரை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். இதுவரை வெளியிட்ட கட்டுரைகளின் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதை அடித்தது நான்தான். முதல் கட்டுரைக்குக் கீழே 'இது தவறு, இரண்டாவதைக் காண்க' என்றும், இரண்டாவதற்குக் கீழே 'இதுவும் தவறு, மூன்றாவதைக் காண்க' என்றும் போடச் சொன்னார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, பொண்ணு பாக்கப் போற எடத்துல மாப்பிள்ளையே தன்னோட சொத்தைப் பல்லைக் காட்டுவாராக்கும்?"

"பல்லு சொத்தைதானே?" என்றார் டாக்டர்.

"நாலாவதுக்குக் கீழ ஒண்ணும் போடலைல்ல? அது போதும்" என்று அக்கா பெருமூச்சு விட்டார்.

போடவில்லைதான். அது வரைக்கும்.

இன்டர்வியூவுக்குப் புறப்பட வேண்டிய வாரம். டாக்டர் எங்கள் கடையில் நின்று வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். மர ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெங்காலிக்காரர் கையில் மாவுக்கட்டோடு சாமான் வாங்க வந்தார். எப்போது ஒடிந்தது என்று டாக்டர் சும்மா பேச்சுக்குக் கேட்டார். "ஜஹாஜ் ஆயா, உஸ்கா தூஸ்ரா தின்" என்றார் அவர். கப்பல் வந்த மறுநாள் என்கிறார்.

டாக்டர் கையிலிருந்த வெங்காயம் கூடைக்குள் விழுந்தது. பிறகு அப்பாவிடம் கேட்டார்.

"உங்க கடைக் கூரை பிரிஞ்சதே, எப்போங்க?"

"அதுவா, கப்பல் போயி நாலு நா இருக்குமுங்க."

"உங்க பசு கன்னு போட்டது?"

"கப்பல் வந்த அன்னைக்குத்தேன். அங்க கப்பல் சங்கு ஊதுது, இங்க இது கத்துது."

"உங்க பையன் பொறந்தது?"

"அவென் பொறந்தப்ப கப்பலே வரலைங்க. புயலு. கப்பல் வராத மாசத்துல பொறந்தவென்."

எங்கள் வீட்டுச் சுவரிலும் காலண்டர் மாட்டியிருந்தோம், தினமும் தேதி கிழித்தோம். ஆனால் யாராவது எப்போது என்று கேட்டால் வாயில் வருவது கப்பல்தான். உருளைக்கிழங்கு கப்பலில் வரும், மணியார்டர் கப்பலில் வரும், பழைய பேப்பரும் புதுச் சினிமாவும் மருமகளும் கப்பலில் வரும். அதை விட்டால் ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் என்ன வித்தியாசம்? காய்ச்சல் எப்போது வந்தது என்று கேட்டதற்கும் எல்லோரும் அப்படியேதான் பதில் சொல்லியிருக்கிறார்கள். கொட்டாம்பட்டியில் கேட்டிருந்தால் சந்தை கூடினதற்கு மறுநாள் என்றிருப்பார்கள். எனக்கு இதெல்லாம் பிறந்ததிலிருந்து பழக்கம், விசித்திரமாகவே தோன்றியதில்லை. மெயின்லேண்டிலிருந்து வந்த அவருக்கு இது தெரிய ஒரு கை ஒடிய வேண்டியிருந்தது.

அன்று முழுக்க அவர் பஜாரில் போவோர் வருவோரை நிறுத்தி, நாய் குட்டி போட்டது எப்போது, அண்டை வீட்டோடு சண்டை வந்தது எப்போது என்று கேட்டுக்கொண்டே திரிந்தார். சாயங்காலம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். முகத்தில் அதே கற்கண்டு.

"ஏம்மா, கை ஒடியறதுகூடக் கப்பல்லதான் வருதாம்! ஒரு நல்ல சேதி..."

"வேண்டாங்க சார்" என்றேன். "கும்பிடறேன், இந்த ஒரு தடவை வேண்டாம்."

எனக்குப் பின்னால் காப்பித் தூக்கோடு அக்கா நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். தூக்கை என் மேஜையில் வைத்தார். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

"இத்தனை வருசத்துல உங்ககிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்லைங்க. இப்பக் கேக்கறேன். வேலை ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. வந்ததுக்கப்புறம் தம்பட்டம் அடிச்சுச் சொல்லுங்க. என்ற புள்ளைக்காக."

டாக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "சரி" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். மறுநாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் திறந்தால் அதுதான் வரும் என்று பயம்போல. கப்பலேறிப் போகும்போதுகூட உதட்டை இறுக்கிக்கொண்டே கையசைத்தார்.

மெட்ராஸிலிருந்து தந்தி வந்தது. வேலை கிடைத்துவிட்டது, ஆர்டர் பின்னால் தபாலில் வரும், அடுத்த கப்பலில் வருகிறேன். அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றினார். ரவை லட்டு செய்து குவார்ட்டர்ஸ் முழுக்கக் கொடுத்தார். கோழிகளைப் பக்கத்து வீட்டு மலையாளி அம்மாவிடம் தானம் செய்தார். கனகாம்பரத்தை என் தலையில் கட்டினார். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் வருத்தம். திட்டுவதற்கு இனி யார் இருக்கிறார்கள்?

கப்பல் வந்தது. சட்டப்படி வெளியே நங்கூரம் போட்டது. நானும் அக்காவும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் நின்றோம். அக்கா பட்டுப்புடவை. லாஞ்ச் வந்தது, கேபின்காரர்கள் பெட்டியும் கையுமாக இறங்கினார்கள். டாக்டர் இல்லை. கடைசியாக, கப்பலைப் பார்வையிடப் போயிருந்த அந்த வடக்கத்தி அதிகாரி மட்டும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். டாக்டர் சாப் இறங்கமாட்டேன் என்கிறார், கேபினை விட்டுவிட்டுக் கீழே பங்க் ஆட்களோடு போய் உட்கார்ந்துகொண்டார் என்றார். பங்க் ஆட்களைப் பரிசோதித்து இறக்க வேண்டியவர் அவர்தான். அவரே நானும் அவர்களோடு இருந்தவன், என்னை யார் பரிசோதிப்பது என்று கேட்கிறாராம். வேறு டாக்டரை அனுப்பினால் அவரையும் மூன்று நாள் உள்ளே வைக்க வேண்டும் என்கிறாராம். அதிகாரி அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். நீங்கள் வந்து சொல்லுங்கள் அம்மா, என் ரூல் அவர் கட்டுரை மேல் நிற்கிறது, அதை வைத்துக்கொண்டு அவரே என்னைப் படுத்துகிறார் என்று இந்தியில் புலம்பினார்.

லாஞ்சில் அக்காவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். கப்பலை நெருங்க நெருங்க மேல்தட்டுக் கம்பியோரம் தலைகள் தெரிந்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள், கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்கு என்று வந்தவர்கள். பெண்கள், இடுப்பில் பிள்ளைகள், மூட்டைகள். மேலே ஒரு நிழல் கிடையாது. கீழ்த்தளத்தில் காற்று கிடையாது. நடுவில் எங்கள் டாக்டர், நாலு நாள் தாடியோடு, ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் கையசைத்தார். உதடு இறுகித்தான் இருந்தது.

"இறங்கி வாங்க!" என்று அக்கா கத்தினார்.

"எப்படி வர்றது?" என்று அவர் மேலிருந்து கத்தினார். "எந்தக் காரணத்துக்காக இவங்களை இங்க வெச்சிருக்காங்களோ, அது இல்லைன்னு எனக்குத் தெரியும். நீ சொல்லக் கூடாதுன்னே, நான் சொல்லலை. இன்டர்வியூல புகழ்ந்தாங்க, வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன். ஆர்டர் வர்ற வரைக்கும்னு வாக்குக் குடுத்திருக்கேன், அது இன்னும் வரலை. அதனால சொல்ல மாட்டேன். ஆனா இவங்களை விட்டுட்டு இறங்கவும் மாட்டேன்."

இந்த மாதிரி ஒரு நியாயத்தை நான் எங்கும் கேட்டதில்லை. அதிகாரிக்குத் தமிழ் புரியாது. என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று என்னைப் பிடுங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டியவர் அக்கா.

கம்பிக்கு நடுவே முகத்தை நுழைத்துக்கொண்டு ஒரு சிறுமி எங்களையே பார்த்தாள். எட்டு வயசு இருக்கும். "அக்கா, தண்ணி கொண்டாந்தீங்களா?" என்று கேட்டாள்.

நாங்கள் எதுவும் கொண்டுபோகவில்லை. அக்கா பட்டுப்புடவையில் வெறுங்கையோடு நின்றார். அந்தச் சிறுமியைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்தேன், உதறிவிட்டார். பிறகு முகத்தை மேலே தூக்கி, துறைமுகமே கேட்கும்படி கத்தினார்:

"சொல்லித் தொலைங்க! வேலை போனாப் போகுது! காய்ச்சலும் இல்லை, ஒரு கருமமும் இல்லைன்னு எங்கக்காளுக்கும் சேர்த்துச் சொல்லுங்க! என்ற புள்ளைய நான் இங்கயே கூட்டிட்டு வந்துக்கறேன்!"

டாக்டர் தோளில் இருந்த குழந்தையை அதன் தாயிடம் கொடுத்தார். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டார். "நான் எழுதினது தப்பு!" என்று தமிழில் ஒரு தடவை கத்தினார். "மைனே கலத் லிகா!" என்று இந்தியில் ஒரு தடவை. பிறகு அதிகாரியைப் பார்த்து இங்கிலீஷில் நிதானமாக, காரணத்தோடு, கை ஒடிந்த பெங்காலிக்காரரிலிருந்து எங்கள் வீட்டுப் பசு வரைக்கும். நான் டைப் அடிப்பதற்கு முன்பே அவர் வெளியிட்ட ஒரே கட்டுரை அதுதான். மாலுமிகள் சிரித்தார்கள், படகுக்காரர்கள் சிரித்தார்கள், எது தப்பு என்றே புரியாத பங்க் ஆட்கள்கூடக் கை தட்டினார்கள். இத்தனை பேர் காதில் விழுந்த பிறகு அதிகாரி என்ன செய்வார்? எழுத்தில் வேண்டும் என்று ஈன சுரத்தில் கேட்டார். நாளைக் காலையில் இந்தப் பெண் அடித்துத் தருவாள், முதலில் இறக்குங்கள் என்றார் டாக்டர். ஏணி இறங்கியது.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது, சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூஞ்சியப் பாரு அம்மிணி" என்றார். "கண்ணாலத்தன்னைக்குக்கூட இப்படிச் சிரிக்கலை."

பதவி போயிற்று. மெட்ராஸ்காரர்களுக்கும் அவர் தன் கையாலேயே எழுதிவிட்டார், வருந்துகிறோம் என்று ஒரு வரியில் பதில் வந்தது. அக்கா ஒருநாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். மறுநாள் மலையாளி அம்மாவிடம் போய்க் கோழிகளைத் திருப்பிக் கேட்டார். அதற்கடுத்த கப்பலில் கோயம்புத்தூர் போய், தமக்கையோடு பெரிய சண்டை போட்டு, மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தப் பெண் ஆபீஸுக்கு வந்து என் டைப்ரைட்டரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பார்த்தாள். இரண்டே நாளில் எனக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. அப்பாவுக்குக் காய்ச்சல். டாக்டருக்கு இருமல். வாரம் திரும்புவதற்குள் பஜாரில் பாதிப் பேர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். டாக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்னிடம் வந்து, எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் அக்கா கண்ணை உருட்டி விரலை உதட்டில் வைத்தார். ஞாபகம் இல்லைங்க சார் என்றேன்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்கப்பா" என்றாள் மகள். "கப்பல்ல வர்றப்பவே எனக்குத்தான் மொதல்ல புடிச்சுது."

டாக்டரின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அக்கா காப்பித் தூக்கை ணங்கென்று வைத்தார்.

"எழுதுங்க, எழுதுங்க, யாரு தடுத்தா? ஆனா நாங்க கேபின்லதான் வந்தோம். அதையும் சேர்த்து எழுதுங்க."

டாக்டர் என் பக்கம் திரும்புவதற்குள் நான் புதுத் தாளைச் செருகிவிட்டேன்.